தூணுக்குப் பின்னால் ஓர் இருக்கை

எங்கள் பல்கலைக்கழக அணி பல வருடங்களுக்குப் பிறகு சொந்த அரங்கில், பருவ முடிவில் தோற்றால் வெளியே என்று ஆடுகிற ஒரு பிளேயோஃப் ஆட்டம் ஆடப்போகிறது என்ற செய்தி பரவியபோது, அந்த விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாதவர்கள்தான் முதலில் எனக்குப் போன் எடுத்தார்கள். வோபர்னில் இருக்கிற என் மச்சாள் விடியவே எடுத்தாள்.

“வதனா, உங்கட கம்பஸில ஏதோ பெரிய உதைபந்து மாட்ச்சாம். எங்களுக்கும் ஒரு ஆறு ரிக்கற் பாத்து வையன்.”

“உது உதைபந்து இல்லை மச்சாள். கையில தூக்கிக்கொண்டு ஓடுறது.”

“அப்ப ஏன் புட்போல் எண்டுறாங்கள்?”

அதற்கு இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடமே பதில் இல்லை, நான் எங்கே போவேன்? அந்த ஆறில் ஒன்றைக்கூட அவள் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உள்ளே தெரிந்த ஆள் இருக்கிறது என்றால் எங்கள் சனம் எதையும் கேட்டு வைக்கும். ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தால் நோய் வருத்தம் ஒன்றும் இல்லாமலே போய்ப் படுத்துவிடுவார்கள்.

இது நடந்து பத்து வருடங்களுக்கு மேலாகிறது. நான் வேலையில் இருந்து இளைப்பாறி இப்போது விட்பியில் மகளின் வீட்டில் இருக்கிறேன். இந்த இலையுதிர்காலம் அதே அணிக்கு மறுபடியும் சொந்த அரங்கில் ஒரு பிளேயோஃப் ஆட்டம் கிடைத்தது. என் பழைய ரிக்கற் கந்தோரில் வேலை செய்கிற ஒரு பிள்ளை அதைச் சொல்லப் போன் எடுத்தாள். இப்போது விலையைக் கணினியே போடுகிறதாம். காலையில் ஒரு விலை, மத்தியானம் வேறு விலை, சனம் கூடினால் அது தானாக ஏறுமாம்.

“உங்கட டைமில, லைக், விலையை ஆர் டிசைட் பண்ணினது அன்ரி?”

“ஒவ்வொரு சீற்றிலயும் இருந்து பாத்துப் போட்டனாங்கள் பிள்ளை.”

அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. அவளுக்குப் போனில் முழுவதையும் சொல்ல நேரம் இருக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கணினி விலை போடுவதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. போடட்டும். அதற்குக் குளிராது.

நான் அந்தக் கந்தோருக்குள் போனது விளையாட்டில் இருந்த ஆசையால் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில் ஒரு டோனட் கடையில் நின்றேன், பிறகு ஒரு தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தேன், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் ரிக்கற் கந்தோரில் பகுதிநேர வேலை கிடைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கதிரை, காலடியில் ஹீற்றர். டோனட் கடையில் விடிய விடிய நின்ற எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. பகுதிநேரம் முழுநேரமானது. ஹொக்கி, கூடைப்பந்து, புட்போல் எல்லாவற்றுக்கும் விற்றேன். முதல் சில வருடங்கள் ஒரு விளையாட்டின் விதியும் தெரியாமலே விற்றேன். மாடு வளர்க்கத் தெரியாமலும் பால் விற்கலாம்தானே.

மோரீன் எங்கள் மனேஜர். உயரமான, எலும்பான மனுசி. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆண்கள் போடுகிற நீளமான கறுப்புக் கோட் போடுவாள், அதன் பைக்குள் எப்போதும் மடித்த பழைய பத்திரிகை ஒன்று இருக்கும். அது வாசிப்பதற்கு அல்ல. எங்கள் அரங்கில் பெரும்பாலும் நீளமான அலுமினிய வாங்குகள், நவம்பரில் அதில் இருந்தால் குளிர் முள்ளந்தண்டு வழியாக ஏறும். அவள் பத்திரிகையை விரித்து அதன்மேல் இருப்பாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. ஓர் இருக்கைக்கு விலை போடுகிறவர் முதலில் அந்த இருக்கையில் போய் இருக்கவேண்டும். ஒவ்வொரு பருவம் தொடங்குவதற்கு முன்னும் எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, ஆட்டம் நடக்கும் அதே நேரத்துக்கு வெறும் அரங்குக்குள் போவாள். ஒவ்வொரு பகுதியிலும் மேல்வரிசையில் ஒருக்கால், கீழ்வரிசையில் ஒருக்கால் இருத்துவாள். இருந்ததும் கேள்விகள் வரும். என்ன தெரிகிறது? காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது? வெயில் கண்ணில் அடிக்கிறதா? கடைசிக் கேள்விதான் பொல்லாதது. “உன்னுடைய சொந்தக் காசில் இதற்கு எவ்வளவு கொடுப்பாய்?” வாய்க்கு வந்ததைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். “அது கந்தோரின் காசு. உன்னுடையதைச் சொல்” என்பாள்.

ஒருமுறை அப்படி இருந்தபோது அவளுக்கும் எனக்கும் சின்னத் தர்க்கம் வந்தது. எங்கள் அரங்கின் மேற்குப் பக்கத்தில் இருந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும், ஆட்டம் துப்புரவாகத் தெரியும், ஆனால் நிழலும் குளிரும். கிழக்குப் பக்கத்தில் பின்னேர வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மேற்குக்குத்தான் எப்போதும் விலை கூட. நான் கிழக்குக்குக் கூடச் சொன்னேன்.

“ஏன்?” என்றாள்.

“வெயில் இருக்கிறது.”

“கண் கூசும். ஆட்டம் தெரியாது.”

“தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் இருக்கிறவர் சொல்வார். குளிர்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர் என்ன செய்ய முடியும்?”

மோரீன் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அடுத்த வருடம் கிழக்கு மேல்வரிசைகளுக்குக் குடும்பப் பகுதி என்று பெயர் வைத்து விலையைக் கொஞ்சம் கூட்டினாள். பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள். எனக்கு அந்த வருடம் முழுவதும் நடையே வேறாக இருந்தது என்று மற்றவர்கள் பகிடி பண்ணினார்கள்.

பிளேயோஃப் ஆட்டத்துக்கு விலை போடுவது வேறு விதமான தலையிடி. பருவத்து ஆட்டங்களின் திகதி கோடையிலேயே தெரியும். பிளேயோஃப் யாருடைய அரங்கில் நடக்கும் என்பது கடைசிச் சனிக்கிழமை பின்னேரம்தான் முடிவாகும், அடுத்த சனிக்கிழமையே ஆட்டம். அந்த வருடம் நாங்கள் வென்றால் மட்டும் போதாது, வேறோர் ஊரில் வேறோர் அணி தோற்கவும் வேண்டும். அது தோற்றது. ஞாயிறு மத்தியானமே மோரீன் எங்களை அரங்குக்கு வரச் சொன்னாள். பெரிய கந்தோரில் இருந்து கோட்டுச் சூட்டோடு ஒருவரும் வந்தார். அவருக்கு வழமையைப்போல் மும்மடங்கு விலை வேண்டும். “சனங்கள் கொடுப்பார்கள்” என்றார். கொடுப்பார்கள்தான், அதில் பொய்யில்லை.

மோரீன் அவரோடு வாதாடவில்லை. பத்திரிகையில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, வடக்கு மூலையில் மேல்வரிசையில் அவரை இருத்தினாள். அங்கே காற்று சப்பாத்துக்குள் புகுந்து வெளியே வரும். “உங்களுடைய சொந்தக் காசில்?” என்று கேட்டாள். மனுசன் கோட்டுக் கழுத்தை இழுத்து மூடினார். சும்மா சொல்லக்கூடாது, நேர்மையான ஆள். வழமையான விலையைவிட இரண்டு டொலர்தான் கூடச் சொன்னார்.

அங்கே வைத்தே எல்லாம் தீர்ந்தது. நடுப்பகுதிக்கு ஒன்றரை மடங்கு, மூலைகளுக்கு அந்த இரண்டு டொலர் மட்டும் கூட, மாணவருக்குப் பழைய விலை. பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கி வைத்திருப்பவர்களின் இருக்கையைப் புதன் மத்தியானம் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, அவர்களுக்கும் பழைய விலைதான். அணி தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் மழையில் நனைந்து இருந்தவர்கள் அவர்கள். எதிரணியின் ஆட்களுக்குத் தெற்கு முனையில் ஒரு பகுதி, அதில் கீழ் இரண்டு வரிசையும் அவர்களுடைய வீரர்களின் குடும்பங்களுக்கு. எங்கள் வீரர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நாலு ரிக்கற். மிச்சம் புதன் பின்னேரம் எல்லோருக்கும்.

இவை தவிர விற்கவே கூடாத சில இருக்கைகள் இருந்தன. மேற்குப் பக்கக் கூரையை இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. அவற்றுக்கு நேர் பின்னால் இருந்தால் மைதானம் தெரியாது. அப்படியான இருக்கைகளை எங்கள் தொழிலில் ‘கில்’ என்போம், அதாவது கொன்றுவிட்டது. கணினியில் கறுப்பாகக் கிடக்கும், அமத்தினாலும் ரிக்கற் வராது. வியாழக்கிழமை மற்றதெல்லாம் விற்று முடிந்ததும் கோட்டுச் சூட்டுக்காரர் அவற்றையும் திறக்கலாமே என்றார். “பார்க்க முடியாத இடத்தை நாங்கள் விற்பதில்லை” என்றாள் மோரீன். அத்தோடு பேச்சு முடிந்தது.

எங்கள் அணியில் ஒரு தமிழ்ப் பெடியன் இருந்தான். பெயர் கஜன், வீடு அஜின்கோர்ட்டில். பந்தோடு ஓடிவருகிறவனை மறித்து விழுத்துவது அவனுடைய வேலை. அது அவனுக்குக் கடைசி வருடம். தகப்பன் யோகன், வீட்டுக்கு நாலு ரிக்கற்தான் என்று தெரிந்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கோயிலில் கண்டவர் எல்லோரையும் கலியாண வீட்டுக்குச் சொல்வதுபோல வரச்சொல்லி, அவர்களை ஏற்றிவர ஒரு பஸ்ஸும் பேசிவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் போன்.

“வதனா அக்கா, நீங்கள் உள்ளுக்க இருக்கிறியள். ஒரு நாப்பது ரிக்கற்...”

“உள்ளுக்க இருக்கிறபடியாத்தான் ஏலாது யோகன். புதன் பின்னேரம் திறக்கும், எல்லாரையும் போல எடுங்கோ. கிழக்குப் பக்கம் மேல்வரிசையைப் பாருங்கோ, வெயில் இருக்கும்.”

வெயில் கதையை நான் யார் கேட்டாலும் சொல்வேன், அதனால் அது களவு இல்லை. மனுசன் சொல்வழி கேட்டார். புதன்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கணினி எல்லாவற்றிலும் ஆளை இருத்தி, எப்படியோ எல்லோருக்கும் எடுத்துவிட்டார். வியாழன் பின்னேரம் அவருடைய மனைவி சந்திரா எனக்குப் போன் எடுத்தாள்.

“அக்கா, எல்லாரும் வருகினம். எனக்குத்தான் வர ஏலாமல் கிடக்கு.”

ஏனென்று நான் கேட்கவில்லை, அந்தக் கதை அஜின்கோர்ட் முழுவதும் தெரியும். கஜன் ஹைஸ்கூலில் விளையாடியபோது அவள் ஒரேயொரு ஆட்டத்துக்குப் போனாள். மகன் நாலைந்து பேருக்கு அடியில் போனதைக் கண்டதும் படியால் இறங்கி, வேலியைத் தாண்டி, மைதானத்துக்குள் ஓடிவிட்டாள். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். சொந்தக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் நடக்கிற நாட்களில் அவள் வீட்டில் சாமித்தட்டுக்கு முன்னால் விளக்கைக் கொளுத்திவிட்டு, “முடிஞ்சுது அம்மா” என்று அவன் போன் எடுக்கும்வரை இருப்பாள்.

“ஆனா இண்டைக்கு அவன் கேட்டவன் அக்கா. ‘அம்மா, இஞ்ச இதுதான் என்ர லாஸ்ட் கேம், ஒருக்கா வாங்கோ ப்ளீஸ்’ எண்டு. அண்டைக்குப் பிறகு அவன் என்னை வா எண்டு கேட்டதே இல்லை. நான் வரவேணும். வந்து அவன் விழுகிறதைப் பாத்தா நான் திரும்பவும் ஓடிடுவன், என்னை எனக்குத் தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “உள்ளுக்க இருந்தும் ஒண்டும் தெரியாத மாதிரி ஒரு சீற் இருக்கோ அக்கா?”

வேறு யாரும் என்றால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருக்கையின் இலக்கமே எனக்குத் தெரியும்.

வெள்ளி காலையில் மோரீனிடம் சொன்னேன். கறுப்பாகக் கிடக்கிற இருக்கையைத் திறக்க அவளால் மட்டும்தான் முடியும். அவள் உடனே கோட்டை எடுத்துப் போட்டாள். இருவரும் மேற்குப் பக்கத்துக்குப் போய், தூணுக்குப் பின்னால் பத்திரிகை விரித்து இருந்தோம். முன்னால் பச்சை நிறம் அடித்த இரும்பு, அதன் ஓரத்தில் ஒரு கீற்றுப் புல்.

“என்ன தெரிகிறது?”

“தூண்.”

“காற்று?”

“தூண் மறிக்கிறது.”

“உன்னுடைய சொந்தக் காசில்?”

“நான் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன். அவர் கொடுப்பார். அவருக்கு இந்த அரங்கில் இதைவிட நல்ல இடம் இல்லை.”

மோரீன் கையை நீட்டித் தூணைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை, நான் கேட்டதில்லை.

“அப்படியானால் நடுப்பகுதி விலை. முழு விலை” என்றாள் கடைசியில். “சும்மா கொடுத்தால், மோசமான இடத்தைத் தந்துவிட்டு மன்னிப்புக் கேட்பது போலாகும். அவர் கேட்ட இடத்தைத்தானே கொடுக்கிறோம்.” எழும்பிப் பத்திரிகையை மடித்தபடி, “பக்கத்து இருக்கையையும் திறந்துவிடுகிறேன். கவுண்டர் மூடியதும் நீ போய் அவரோடு இரு” என்றாள். இப்படி ஒரு மனுசிக்குக் கீழே வேலை செய்யக் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் நிறைகிறது.

சனிக்கிழமை நாங்கள் வென்றோம், அதற்கு அடுத்த கிழமை வேறோர் ஊரில் போய்த் தோற்றோம். அதைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கவுண்டரை மூடிவிட்டுப் போனபோது இரண்டாம் கால்பகுதி நடந்துகொண்டிருந்தது. கிழக்குப் பக்கத்தில் யோகனுடைய பஸ் சனம் முழுவதும் வெயிலில் பரவியிருந்தது. அவர்களுடைய ஜக்கற் பைகளுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த மீன் ரோல்ஸ் இருந்தது எனக்குத் தெரியும், வாசலில் நின்றவருக்குத் தெரியாது. மேற்குப் பக்கத்தில் தூணுக்குப் பின்னால் சந்திரா முழங்காலைச் சேர்த்து, மடியில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு, பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போலத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப கத்தினது எங்கட ஆக்கள்” என்றாள் நான் இருந்ததும்.

“என்னண்டு தெரியும்?”

“எங்கட சத்தம் தலைக்கு மேலால வரும். அவையின்ர சத்தம் அந்தத் தெற்குத் தொங்கல்ல இருந்து வரும். கஜன் ஆரையாவது விழுத்தினா அங்கால யோகன்ர விசில் கேக்கும். நாலு தரம் கேட்டிட்டுது.”

அவளுக்குச் சந்தோசம். இடைவேளையில் எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மகன் விளையாடுகிற இடத்தில் அவள் இருக்கிறாள், அவன் விழுவது அவளுக்குத் தெரியவில்லை. எல்லாம் நினைத்தபடியே நடக்கிறது என்று நானும் காலை நீட்டி இருந்தேன்.

மூன்றாம் கால்பகுதியில் திடீரென்று சத்தம் நின்றது. தலைக்கு மேலும் இல்லை, அந்தத் தொங்கலிலும் இல்லை. அவ்வளவு சனமும் வாய் மூடி இருந்தது. சந்திரா என் கையைப் பிடித்தாள்.

“ஏன் அக்கா ஒருத்தரும் கதைக்கினமில்லை?”

நான் பதில் சொல்வதற்கு முன்பே எழும்பித் தூணைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டாள். மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி இருந்தார்கள். அவளுடைய கண் அவர்களுக்குள் ஒருவனைத்தான் கண்டது.

“என்ர பிள்ளைக்கு எழும்ப ஏலாமல் கிடக்கு” என்றாள். அவளுடைய கால் படியில் இறங்கிவிட்டது. நான் கோட்டுக் கையை எட்டிப் பிடித்தேன்.

“சந்திரா, நில். அடிபட்டது கஜன் இல்லை. அது மற்ற ரீம் பிள்ளை, அந்தா படுத்திருக்கிறான். ஒருத்தன் அடிபட்டா அவன் எழும்பும் மட்டும் எல்லாரும் உப்பிடித்தான் முழங்காலில நிப்பினம். அது இவையின்ர மரியாதை.”

அவள் நின்றாள். மைதானத்தின் நடுவில் வேறு நிறச் சட்டையோடு ஒரு பெடியன் மல்லாந்து கிடந்தான். இரண்டு பேர் குனிந்து அவனுடைய காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பிள்ளையின்ர தாய் வந்திருக்கிறாவோ?”

நான் தெற்கு முனையைக் காட்டினேன். அந்தக் கீழ் இரண்டு வரிசையையும் அவர்களுக்கென்று பிடித்து வைத்ததே நான்தான். அங்கே எல்லோரும் இருக்க, ஒரு பெண் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சந்திரா அவளையே பார்த்தாள். “அவவுக்கு முன்னால ஒரு தூணும் இல்லையே அக்கா” என்றாள்.

கொஞ்சநேரத்தில் அந்தப் பெடியன் எழும்பினான். இருவரின் தோளில் கை போட்டு நொண்டி நொண்டி வெளியே போனான். இரண்டு பக்கத்துச் சனமும் கைதட்டியது, சந்திராவும் தட்டினாள். நான் திரும்பி இருக்கைக்குப் போகப் பார்த்தேன். அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள்.

“என்னை அவவிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“போய்?”

“தேத்தண்ணி மிச்சம் இருக்கு.”

எதிரணியின் பகுதிக்குள் அந்தப் பகுதி ரிக்கற் இல்லாத ஒருவரையும் விடவேண்டாம் என்று காலையில் வாசல்காரருக்குச் சொன்னவள் நான். அவர் என்னையும் சந்திராவையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தூக்கிவிட்டார்.

அந்தப் பெண் எங்களை விளங்காமல் பார்த்தாள். சந்திரா பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணியை ஊற்றி நீட்டினாள். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். பிறகு வாங்கில் தள்ளி இருந்து எங்களுக்கு இடம் விட்டு, எங்களுடைய பிள்ளை எது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சந்திரா கையை நீட்டிக் காட்டினாள். காட்டிய பிறகு கண்ணை எடுக்கவில்லை.

நான் அவளுடைய கோட்டுக் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டேன். இங்கே வேலி இடுப்பளவுதான், ஓடினால் மறிப்பதற்கு நான் ஒருத்திதான்.

ஆட்டம் தொடங்கியது. பந்தோடு வந்தவனைக் கஜன் குறுக்கே பாய்ந்து பிடித்தான். அவர்களுக்கு மேலே இன்னும் மூன்று பேர் விழுந்தார்கள். சந்திராவின் உடம்பு முழுவதும் இறுகியது எனக்குக் கோட்டுக்கு மேலாலேயே தெரிந்தது. அந்தப் பெண் அவளுடைய மற்றக் கையைப் பிடித்தாள். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். கடைசியாகக் கஜன் எழும்பி, சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினான்.

“எழும்பிட்டான்” என்றாள் சந்திரா தமிழிலேயே. அந்தப் பெண் ஓமென்று தலையாட்டினாள்.

நான் கோட்டுக் கையை விட்டுவிட்டேன்.